சோத்தாங்கைப் பக்கப் புருவம்

கிருபாபாய்க்குச் செத்தவர்களுக்குக் கண் திறந்துவிடுகிற வேலை. யாராவது உத்தியோகம் என்ன என்று கேட்டால் இப்படித்தான் சொல்வாள். கேட்டவர்கள் திடுக்கிடுவார்கள். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு.

விஷயம் ஒன்றும் பயங்கரமில்லை. உயிரோடு இருக்கும்போது ஸ்டுடியோ வாசலை மிதிக்காத ஆட்கள் அன்றைக்கு ராஜபாளையத்தைச் சுற்றி ஏராளம். மூச்சு நின்ற பிறகுதான் வீட்டாருக்குப் போட்டோ ஞாபகமே வரும். சைக்கிளில் ஒருவன் பறந்து வருவான். ஸ்டுடியோ முதலாளி சங்கிலிப்பாண்டி கேமராவைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடுவார். குளிப்பாட்டி நாற்காலியில் சாய்த்துவைத்து, தலை சரியாமல் பின்பக்கம் துண்டால் கட்டி, படம் எடுத்துக்கொண்டு வருவார். பெரிதாகப் போட்ட பிரிண்டில் மூடிக் கிடக்கும் அந்தக் கண்களைத் திறக்க வேண்டியது கிருபாபாயின் பொறுப்பு. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போடப் படம் தயாராக இருக்க வேண்டும். செத்தவருக்கு அவசரமில்லை, சொந்தக்காரர்களுக்கு இருக்கும்.

டிராயிங்கில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் பாஸ் செய்தவள் அவள். டீச்சர் வேலைக்குப் பதிந்துவிட்டு, கடிதம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்தாள். கடிதம் வந்தபாடில்லை. 1982-ல் அவளுக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணப் பேச்சும் அந்தக் கடிதத்தோடு சேர்ந்து வழியில் எங்கோ நின்றுவிட்டது. அதைப் பற்றி அவள் அதிகம் அலட்டிக்கொண்டதில்லை.

வேலையில் மட்டும் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. படத்திலுள்ள இமையை பிளேடு முனையால் காற்றுப் படுவதுபோல் சுரண்டுவாள். அதன்மேல் மெல்லிய பிரஷ்ஷால் கருவிழியை வைப்பாள். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் ஆள் பயந்து முழிப்பதுபோல் ஆகிவிடும். மேல் இமை அதை ஒரு நூல் மறைக்க வேண்டும். கடைசியாகக் கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி விழுகிற நொடியில் ஆள் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஆனாலும் கண் பாதிதான், மனுஷனைக் காட்டிக்கொடுப்பது புருவம் என்பது அவள் கட்சி. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு புருவத்தை மட்டும் பாருங்கள், கோபமா கெஞ்சலா சந்தேகமா என்று தெரிந்துபோகும் என்பாள். ஒவ்வொரு ரோமமாகத்தான் புருவம் போடுவாள். மூக்குப் பக்கத்தில் நிமிர்த்தி, போகப் போகச் சாய்த்து, வால் பக்கத்தில் படுக்கவைத்துவிடுவாள்.

கண்ணுக்கு மாதிரி வேண்டுமே? அண்ணன் தம்பி இருந்தால் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். யாரும் வராவிட்டால் மேஜை டிராயரிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணையே பார்த்துக்கொள்வாள். கோபக்காரர் என்று வீட்டார் சொல்லியிருந்தால் கண்ணாடியில் கோபப்படுவாள், சாது என்றால் சாதுவாக விழிப்பாள். சங்கிலிப்பாண்டி பார்த்துவிட்டுச் சிரிப்பார். இந்த வகையில் ராஜபாளையத்தில் முப்பது நாற்பது வீடுகளிலாவது, முறுக்கு மீசை வைத்த ஆம்பளைகள் செத்த பிறகு கிருபாபாயின் கண்களால் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அது தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அந்த வருஷம் ஆவணியில் செட்டியார்பட்டியிலிருந்து ஆள் வந்தது. பால்பாண்டி, இருபத்தேழு வயது, பஞ்சு அரவை மில்லில் பொதி தூக்குகிறவன். மஞ்சக்காமாலை பத்து நாளில் ஆளை முடித்துவிட்டது. ஒரு போட்டோகூடக் கிடையாது. கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாள் சன்னதியில் இரண்டு மாலையோடு நடந்த கல்யாணம், அங்கே போட்டோக்காரன் யார் வந்தான்? சங்கிலிப்பாண்டி போய் எடுத்து வந்த படத்தில், காமாலையில் வற்றிய கன்னத்தோடு தூங்குகிறவன் மாதிரி இருந்தான்.

மூன்றாம் நாள் காலையில் கிருபாபாய் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு செட்டியார்பட்டிக்குப் போனாள். வீட்டுக்குப் போய் விசாரிக்காமல் அவள் யாருக்கும் கண் திறந்ததில்லை. பொம்பளை என்பதால் உள்ளே முடங்கிக் கிடப்பவர்களிடம்கூடப் பேச முடியும்.

பால்பாண்டியின் அண்ணன் கருத்தையா வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"கண்ணு நல்லா உருட்டி முழிக்கணும்மா. மில்லுல அவன் ஒரு பார்வ பாத்தாம்னா நாலு பேரு ஒதுங்கிப் போவான். புருவம் ரெண்டையும் சேத்து இழுத்து விட்ருங்க. கம்பீரமா இருக்கணும்."

அம்மா மாரியாத்தாள் அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தாள். "அவன் கெடக்கான் தாயி. எம்புள்ளைக்குக் கன்னுக்குட்டி கண்ணு. ஒரு சூதுவாது தெரியாது. பசிக்குன்னு வாயத் தொறந்து கேக்கத் தெரியாது, பாத்துக்கிட்டே நிப்பான்."

ஒரே வயிற்றில் பிறந்தவனும் பெற்றவளும் சொல்வதைக் கேட்டால் அந்த வீட்டில் இரண்டு பால்பாண்டி இருந்திருப்பான் போலிருந்தது. கிருபாபாய்க்கு இது புதிதல்ல. ஒவ்வொருவரும், செத்தவர் தங்களை எப்படிப் பார்த்தாரோ அதைத்தான் சொல்வார்கள். அவள் இரண்டையும் எழுதிக்கொண்டு உள்ளே போனாள்.

பெண்டாட்டி செல்லக்கனி அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட நிறைந்திருக்காது. ஏழு மாத வயிறு. கிருபாபாய் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் போனதே தவிர, அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. சரி, கிளம்பலாம் என்று எழுந்தபோது செல்லக்கனி அவள் சேலையைப் பிடித்தாள்.

"யக்கா, அவிய கண்ணு எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா என்னையக் கேலி பண்ணும்போது ஒரு புருவம் மட்டும் மேல போகும். வாய் சிரிக்காது. புருவம் மட்டுந்தான் சிரிக்கும். நா 'போதும், எறக்குங்க'ம்பேன். பொறவுதான் எறக்குவாக."

"எந்தப் பக்கம்மா?"

செல்லக்கனி தன் வலது கையைத் தூக்கித் தன் வலது புருவத்தைத் தொட்டாள். "சோத்தாங்கைப் பக்கம்."

கிருபாபாய் எழுதிக்கொண்டாள்.

"பொறக்கப்போறது அவிய மொகத்தப் பாக்கவே போறதில்லயேக்கா," என்றாள் செல்லக்கனி. "இந்தப் படந்தான் அதுக்கு அப்பன். சரியா வரைஞ்சுருங்க. தப்பாப் போனா எம்புள்ள வேற யாரையோ அப்பான்னு கூப்புட்டுக்கிட்டு வளரும்."

அந்தச் சொல் கிருபாபாயைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்துவிட்டாள். அண்ணன் கேட்ட கம்பீரம் வேண்டாம், அம்மா கேட்ட கன்றுக்குட்டியும் வேண்டாம், அந்தக் கேலிதான் வேண்டும். ஸ்டுடியோவுக்கு வந்ததும் நெகட்டிவ் போட்டு வைக்கிற காகித உறைமேல் பெயரையும் தேதியையும் போட்டு, "சோத்தாங்கைப் பக்கப் புருவம் மேலே. வாய் சிரிக்கக் கூடாது" என்று மையால் எழுதினாள்.

பதினோரு நாள் அந்த ஒரு முகத்தோடு மல்லுக்கட்டினாள். ஒற்றைப் புருவத்தைத் தூக்குவது லேசான காரியமில்லை. புருவம் ஏறினால் அந்தப் பக்க இமையும் கூட ஏற வேண்டும், நெற்றியில் மெல்லிய மடிப்பு விழ வேண்டும், கருவிழி கொஞ்சம் கூடுதலாகத் தெரிய வேண்டும். கொஞ்சம் அதிகமாகப் போனால் கேலி போய் ஏளனம் வந்துவிடும். கொஞ்சம் குறைந்தால் சந்தேகம். கம்பீரம் கேட்ட கருத்தையாவை மாதிரிக்குக் கூப்பிட முடியாது என்று கைக்கண்ணாடியை எதிரே சாய்த்துவைத்து, தன் வலது புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பழகினாள். முதலில் இரண்டும் சேர்ந்து ஏறிற்று. அப்புறம் காது ஆடியது. ஐந்தாம் நாள் புருவம் தனியாக ஏறியது. கண்ணாடியில் பார்த்ததை ரோமம் ரோமமாகப் படத்தில் இறக்கினாள். வெள்ளைப் புள்ளி வைத்ததும் பால்பாண்டி அவளைப் பார்த்து, என்ன பெரிய வேலைக்காரி நீ என்பதுபோல் கேலி செய்தான். அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

பதினாறாம் நாள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வீடே திகைத்துப் போனது. மாரியாத்தாள், "எம்புள்ள என்னையப் பாக்கான்," என்று அலறினாள். கருத்தையாகூடக் கம்பீரத்தை மறந்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். செல்லக்கனி மட்டும் அழவில்லை. வெகுநேரம் பார்த்தாள். அவள் வலது கை மெல்ல எழுந்து, தன் வலது புருவம் வரைக்கும் போய், அங்கே தயங்கி நின்று, கீழே இறங்கியது. துக்கத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று கிருபாபாய் நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும். டீச்சர் வேலைக்கு மறுபடி ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. சங்கிலிப்பாண்டி அவளை உட்காரவைத்து ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்துக் கொடுத்தார். கிருபாபாயின் வலது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு உண்டு, சிறுவயதில் கிணற்றடியில் விழுந்தது. படத்தை மேஜையில் கைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதற்கோ திரும்பியவள், மறுபடி பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடியில் வெட்டு ஒரு பக்கம் இருந்தது. படத்தில் எதிர்ப்பக்கம் இருந்தது.

இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கண்ணாடியில் நம் சோத்தாங்கைப் பக்கத்துப் புருவம் நம் சோத்தாங்கைப் பக்கமே தெரியும். படத்தில் இருக்கிற ஆளோ நமக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவருடைய சோத்தாங்கை நம் நொட்டாங்கைக்கு நேரே இருக்கும். இத்தனை வருஷம் கண்ணாடியைப் பார்த்துக் கண் வரைந்தவளுக்கு இது உறைக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. ஒன்றுபோல் இருக்கிற இரண்டு கண்களில் பக்கம் மாறினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒற்றைப் புருவம் தூக்கிய ஆள் அவள் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பால்பாண்டிக்கு அவள் நொட்டாங்கைப் பக்கப் புருவத்தைத் தூக்கிவிட்டிருந்தாள்.

படத்தைப் பார்த்த செல்லக்கனியின் கை பாதியில் நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாளே செட்டியார்பட்டிக்கு ஓடினாள். செல்லக்கனி பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். அங்கே மடவார்வளாகத்துப் பக்கம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சுவரில் பால்பாண்டி. அவனுக்கு நேர் கீழே தையல் மெஷினில் செல்லக்கனி. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, படத்தை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று இருந்தது.

இவளிடம் போய், நீ பேசிக்கொண்டிருக்கிற முகம் தப்பு என்று எப்படிச் சொல்வது? கிருபாபாய் தெருவோடு திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளைத்தாச்சியை நோகவைக்க வேண்டாம் என்ற இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள். பயம் என்பதுதான் சரியான பெயர். அது அவளுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அவள் கைக்கு வந்த எந்தப் பிரிண்டிலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு பக்கம் "சோ", மறுபக்கம் "நொ" என்று எழுதாமல் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. சங்கிலிப்பாண்டி என்ன இது மந்திரமா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. ஊருக்கெல்லாம் கலர் போட்டோ வந்தது. செத்தவர்களுக்கும் சிவப்புச் சட்டை, நீலச் சட்டை போட்டுவிட வேண்டியதாயிற்று. கிருபாபாய்க்கு மூக்குக்கண்ணாடி வந்தது, தலையில் நரை வந்தது. பால்பாண்டி மட்டும் நினைத்தபோதெல்லாம் தப்பான புருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

1997 ஆனி மாதம் ஒரு முற்பகலில், துண்டில் சுற்றிய படம் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி ஸ்டுடியோவுக்குள் வந்தாள். கூடவே பள்ளிக்கூடத் தாவணியில் ஒரு பெண், பதினாலு வயது இருக்கும்.

"யக்கா, என்னையத் தெரியுதா?"

துண்டை விலக்கியதும் கிருபாபாய்க்குத் தெரிந்துவிட்டது. கூரை ஒழுகியதில் படத்தின் ஓரத்திலும் கழுத்திலும் பூசணம் பிடித்திருந்தது. முகத்தில் ஒன்றும் ஆகவில்லை. பால்பாண்டி பழையபடியே கேலி செய்துகொண்டிருந்தான்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்லயே தச்சுக்கிட்டு இருக்கேங்க்கா. ரவிக்கைதான். இவ மக, சந்தனமாரி. ஒம்பதாவது படிக்கா."

"நல்லா இருக்கியாம்மா?" என்று கிருபாபாய் கேட்டாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, படம் எடுக்கிற அறையின் திரையில் வரைந்திருந்த மாளிகைப் படிக்கட்டைப் பார்த்தாள். படிக்கட்டு காற்றில் போய் முடிந்திருந்தது. அதைக் கண்டதும் அவளுடைய ஒற்றைப் புருவம் மேலே போனது. வாய் சிரிக்கவில்லை.

கிருபாபாய் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே போட்டாள்.

செல்லக்கனி மகளை, வெளியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற கல்யாணப் படங்களைப் பார்க்கச் சொல்லி அனுப்பினாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பூசணம் ஒரு சாக்குதாங்க்கா. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப வருசமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். நா அன்னைக்கு அடுப்பங்கரையில ஒங்ககிட்ட எந்தப் பக்கம்னு சொன்னேன்?"

கிருபாபாய் கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"படத்தக் கையில வாங்குன அன்னைக்கு எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. இந்தப் பக்கம் இல்லயேன்னு நெனச்சேன். ஆனா நீங்க எழுதிக்கிட்டுப் போயி வரைஞ்சவுக. தப்பா இருக்குமா? பதினாறு நாளுக்குள்ள புருசன் மொகத்த மறந்துட்டமேன்னு என்னையத்தான் நா ஏசிக்கிட்டேன். பொறவு பாக்கப் பாக்கப் படத்துல இருக்கதுதான் சரின்னு ஆயிருச்சு. இப்பக் கனவுல வந்தாலும் அவிய இந்தப் பக்கந்தான் தூக்குதாக. ஆனா அடிமனசுல ஒண்ணு, இது இல்ல, இது இல்லன்னு அனத்திக்கிட்டே கெடக்கு. அவியள நெனச்சாலே ரெண்டு மொகமா வருது. ஒரு மொகமும் நெலைக்கல. அவிய அம்மையும் போய்ச் சேந்துட்டாக. கேக்கதுக்கு எனக்கு ஒங்கள விட்டா ஆள் இல்ல."

ஒரு பொய் போதும். படத்தில் இருக்கிற பக்கம்தான் நீ சொன்னது என்று சொல்லிவிட்டால் இவள் மனசு இன்றோடு அடங்கிவிடும். கிருபாபாயின் பேரும் கெடாது. நாக்கு நுனிவரை அந்தப் பொய் வந்துவிட்டது. ஆனால் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இரக்கம் என்று பேர் வைத்து அவள் செய்த காரியம்தான் இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை அதே இரக்கத்தைக் காட்ட அவளால் முடியவில்லை.

எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து 82 என்று எழுதிய பிஸ்கட் டின்னை இறக்கினாள். தேட வேண்டியிருக்கவில்லை. அந்த உறை எங்கே இருக்கிறது என்று அவள் கைக்குத் தெரியும். எடுத்து நீட்டினாள்.

செல்லக்கனி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சோத்தாங்கைப் பக்கப் புருவம் மேலே. வாய் சிரிக்கக் கூடாது."

"நீ சரியாத்தாம்மா சொன்ன," என்றாள் கிருபாபாய். "நாந்தான் கண்ணாடியில பாத்து வரைஞ்சு பக்கத்த மாத்திப்புட்டேன். ஒரு வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்லணும்னுதான் ஒங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். தைரியம் இல்லாமத் திரும்பிட்டேன்."

"வாசல் வரைக்கும் வந்தீகளா?"

"ஆமா."

செல்லக்கனியின் முகம் சிவந்துவிட்டது. "வந்துட்டுச் சொல்லாமப் போனீகளாக்கா? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா என்னைய நம்பியிருப்பேன்ல. பதினஞ்சு வருசம் என் நெனப்பு பொய்யின்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். இருந்த அவியளும் போயி, என்கிட்ட இருந்ததையும் புடுங்கிட்டீகளே."

கிருபாபாய்க்குக் கண்ணீர் வந்தது, அதைத் துடைக்கக்கூட உரிமை இல்லாதவள்போல் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு லாரி ஹாரனடித்துக்கொண்டு போனது.

"அம்மா." சந்தனமாரி வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அப்ப நாஞ் செய்யிறதுதான் சரியா?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதான் திட்டுவ. 'ஏட்டி, ஒங்கப்பா அந்தப் பக்கந்தான் தூக்குவாக, நீ மாத்தித் தூக்குத'ன்னு. எனக்கு அந்தப் பக்கம் ஏறவே ஏறாது. எம்புட்டு நாள் முயற்சி பண்ணியிருக்கேன் தெரியுமா?" அவள் தன் வலது கையால் தன் வலது புருவத்தைத் தொட்டாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அடுப்பங்கரையில் அவள் அம்மா தொட்ட அதே இடம். "எனக்கு இதான் ஏறும். சோத்தாங்கைப் பக்கம்."

"இத நீ யாருகிட்டப் படிச்ச?" என்று கேட்டாள் கிருபாபாய்.

"அப்பாகிட்டத்தான். சின்னப்புள்ளையில முக்காலியப் போட்டு ஏறிப் படத்துக்கு முன்னால நிப்பேன். படத்துக் கண்ணாடியில எம் மொகமும் தெரியும்ல. அப்பா மொகத்து மேல எம் மொகத்த வச்சு, கண்ணுக்கு மேல கண்ணு, மூக்குக்கு மேல மூக்குன்னு ஒட்டிப் பாப்பேன். புருவம் மட்டும் ஒட்டாது. அவுக தூக்கியிருக்க எடத்துக்கு எம் புருவமும் போற வரைக்கும் தூக்கித் தூக்கிப் பாப்பேன். ஒருநா ஒட்டிருச்சு."

கிருபாபாய் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்தாள். அவள் ஒரு கண்ணாடியைப் பார்த்துப் பக்கம் மாற்றிவைத்த புருவத்தை, இந்தக் குழந்தை இன்னொரு கண்ணாடியில் பார்த்துத் தன் முகத்தில் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. யாரும் சொல்லித்தராமல், அம்மா திட்டியும் மாற்றாமல். அப்பன் எந்தப் பக்கம் தூக்கினானோ அதே பக்கம். கிருபாபாய் ஜெபம் பண்ணுகிறவள்தான், ஆனால் பால்பாண்டி விஷயத்தில் கர்த்தரிடம் எதையும் கேட்கும் துணிச்சல் அவளுக்கு இருந்ததில்லை.

"படத்தக் குடும்மா," என்றாள். "பூசணத்தோட சேத்துப் புருவத்தையும் மாத்தித் தாரேன். இந்தத் தடவை தப்பாது. ஒம் மகள எதுக்க உக்கார வச்சே வரைவேன்."

செல்லக்கனி படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் படத்துக் கண்ணாடிமேல் அந்தப் புருவத்தைத் தடவினாள். கோபம் போய்விட்டதா என்று தெரியவில்லை. அவ்வளவு சீக்கிரம் போகிற கோபமும் இல்லை அது.

"வேண்டாங்க்கா. பூசணத்த மட்டும் எடுத்துருங்க. மாத்திப்புட்டா நாளைக்கு இவ முன்னால போயி நிக்கும்போது அப்பா மொகத்தோட இவ மொகம் ஒட்டாது. படம் இவளுக்குன்னுதான வரைஞ்சது? அப்படியே இருக்கட்டும். எனக்குச் சரியானது வீட்டுக்குள்ளயே நடமாடிக்கிட்டுல்ல திரிஞ்சிருக்கு. நாந்தான் பாக்காம, பாத்தப்பல்லாம் திட்டிக்கிட்டு இருந்துருக்கேன்."

அதைச் சொல்லி முடிக்கும்போது அவள் உடைந்துவிட்டாள். கணவன் செத்த பதினாறாம் நாள் அழாத அழுகை, ஸ்டுடியோவில் ஸ்டூலில் உட்கார்ந்து வந்தது. மகள் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். கிருபாபாய் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அழுது ஓய்ந்ததும் செல்லக்கனி மகளை எதிரே நிறுத்தினாள்.

"எங்க, தூக்கு. பாப்போம்."

சந்தனமாரி முயன்றாள். இரண்டு புருவமும் சேர்ந்து ஏறின. நெற்றியைச் சுளித்தாள், கண்ணை உருட்டினாள். "கேட்டா வராதும்மா. அதுவா வரணும்."

"ஏட்டி, இம்புட்டு நேரம் வந்துச்சுல்ல? தூக்குட்டி," என்று செல்லக்கனி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அழுகையில் மூக்கு சிவந்து, நெற்றித் திருநீறு கன்னம்வரை இழுபட்டு, தலைமுடி ஒரு பக்கம் அவிழ்ந்து, அதிகாரம் மட்டும் குறையாமல் உட்கார்ந்திருந்த அம்மாவைச் சந்தனமாரி மேலும் கீழும் பார்த்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சோத்தாங்கைப் பக்கப் புருவம் தானாக மெல்ல மேலே போனது.

செல்லக்கனி அதையே பார்த்தாள். இந்தத் தடவை அவள் கை தயங்கவில்லை, நேரே போய் அந்தப் புருவத்தைத் தொட்டது.

"போதும், எறக்குங்க," என்றாள்.